யாழ்ப்பாணக் குடாநாட்டிற் புகையிலை மெல்லும் வழக்கமும் முரசு நோயும் – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் வெற்றிலைத் தட்டத்தின் அருகே, உள்ளங்கையில் அடங்கத்தக்க சிற்றுரல் ஒன்றும் அதற்கேற்ற சிறு உலக்கையும் இருக்கக் காணலாம். பாக்குரல் என்பது அதன் பெயர். பல்லுடையோர் பாக்குவெட்டியாற் சீவிய பாக்கினை வெற்றிலையோடு சேர்த்து மெல்லுவர். பல்லிழந்தோர்க்கு அஃது இயலாது. ஆதலின் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு ஆகியவற்றை அவ்வுரலிலிட்டு இடித்து, கடைசியிற் புகையிலைத் துண்டொன்றையும் சேர்த்து மசித்து, அவ்வுருண்டையைக் கன்னத்தின் உட்புறத்தே அடக்கிக்கொள்வர்.

இக்கட்டுரையாசிரியன் சிறு பராயத்தில் தன் அப்பாச்சிக்கு மாலைதோறும் பாக்கிடித்துக் கொடுத்தவன். ஒருநாள், “உங்கடை பல்லெல்லாம் எங்கை அப்பாச்சி?” என்று கேட்டபோது, “வயசு போனாற் பல்லும் போகுந்தானே, ராசா” என்ற மறுமொழியே கிடைத்தது. அம்மறுமொழி அன்று போதுமானதாக இருந்தது. பல்லாண்டுகள் கழித்துக் குடும்பப் புகைப்படமொன்றிலே, நாற்பத்தைந்து வயதையும் எட்டாத அவருடைய முகத்தைக் காண நேர்ந்தது. கன்னங்கள் அப்பொழுதே உள்ளொடுங்கியிருந்தன. வயது போவதற்கு முன்னரே பல் போயிருந்தது. அங்ஙனமாயின் பல்லைக் கொண்டுபோனது யாது? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

யாழ்ப்பாணப் புகையிலையின் வரலாறு பெரும்பாலும் தோட்டக் கணக்கு, தீர்வைக் கணக்கு, ஏற்றுமதிக் கணக்கு என்பவற்றின் வரலாறாகவே பேசப்படுகின்றது. அவ்விலையை நுகர்ந்த வாய்களின் வரலாறு அதனோடு சேர்த்து நோக்கப்படுவது அரிது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதலும், நோயாகிய ஒன்று நோயென அறியப்படாது முதுமையின் இயல்பென ஏற்கப்பட்டமைக்குரிய காரணங்களை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கங்களாம். இலக்கிய வழக்கில் ஈறு எனப்படுவதை யாழ்ப்பாணத்தார் முரசு என்பர். ஈறு தேய்ந்து பல்வேர் வெளித்தோன்றுவதை முரசு கரைதல் என்பர். அச்சொற்களே ஈண்டும் ஆளப்படுகின்றன.

தாம்பூலமும் புகையிலையும்

வெற்றிலையும் பாக்கும் தமிழர் வாழ்விற் பழமை மிக்கன. கோவலன் உண்டு முடித்தபின் கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் அளித்தமையைச் சிலப்பதிகாரத்திற் காண்கின்றோம். விருந்தோம்பல், திருமண உடன்பாடு, கோயில் வழிபாடு, குருவுக்குத் தட்சிணை ஆகிய அனைத்திலும் தாம்பூலம் இடம்பெறுகின்றது. இலங்கைத் தீவிலும் இவ்வழக்கம் பரவியிருந்தமைக்குச் சான்றுண்டு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயரான இறொபேட் நொக்ஸ், 1681 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில், இத்தீவு மக்கள் வெற்றிலையைப் பாக்கோடும் சுண்ணாம்போடும் மெல்லும் வழக்கத்தைக் குறித்துள்ளார்.

புகையிலையோ இவ்வரிசையிற் பின்வந்தது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அச்செடி, ஐரோப்பியரின் கடல்வழித் தொடர்புகளுக்குப் பின்னரே கீழைத்தேயங்களை அடைந்தது. எனவே கண்ணகி கொடுத்த தாம்பூலத்திற் புகையிலை இருந்திருக்க முடியாது. சொல்லும் இதனை ஒருவாறு காட்டுகின்றது. மெல்லப்படும் இலைக்கு “புகை இலை” என்று பெயர் அமைந்திருத்தல் கருதற்பாலது. புகைத்தற்குரிய பொருளாக முதலில் அறியப்பட்டுப் பெயர் பெற்ற இவ்விலை, பின்னர் வெற்றிலையோடு சேர்ந்து வாய்க்குள் இடம்பிடித்தது எனக் கொள்வதற்கு இப்பெயர் இடந்தருகின்றது.

வந்த விருந்தாளி விரைவிலேயே வீட்டுக்குரியவன் போலாயிற்று. சீனிச் சர்க்கரைப் புலவர் இயற்றிய புகையிலை விடு தூது என்னும் சிற்றிலக்கியம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அந்நூலிற் புகையிலைக்குத் தெய்விகத் தோற்றம் கற்பிக்கப்படுகின்றது. சிவனுக்குரிய வில்வமும் திருமாலுக்குரிய துளசியும் போயொழிய, நான்முகனுக்குரிய இலை மட்டும் நாமகளின் நாவிலே தங்கிப் “போகாத இலை” ஆயிற்று என்று சொல்விளையாட்டாகப் புலவர் கதை புனைகின்றார். இதனை நகைச்சுவையென்று விடுதல் கூடும். ஆயினும், வந்து நெடுங்காலம் ஆகாத ஒரு பயிர், நாவில் நிலையாகத் தங்குவதென்ற தகுதியோடு இலக்கியத்திலும் நுழைந்தமை சமூக வரலாற்று நோக்கிற் சிறப்புடையது. தாம்பூலத்துக்குரிய பழம்பெருமை முழுவதும் புகையிலைக்கும் உரியதாயிற்று. பிற்காலத்தார், புகையிலையையும் தொன்மையான வழக்கமென்றே மயங்கினர்.

செம்மண்ணும் மலையாளமும்

யாழ்ப்பாணம் 1619 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் கைக்கும், 1795 இற் பிரித்தானியர் கைக்கும் மாறியது. இம்மாற்றங்களுக்கிடையே புகையிலை குடாநாட்டின் முதன்மையான காசுப்பயிராக வளர்ந்தது. ஆறில்லாத நிலம் இது. சுண்ணக்கற் பாறையின் கீழ்த் தேங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து துலா மூலம் இறைத்தே தோட்டம் செய்தனர். வலிகாமத்துச் செம்மண்ணிலும் தீவுப் பகுதிகளின் தோட்ட நிலங்களிலும் புகையிலை பயிராயிற்று. மாரிமழை ஓய்ந்தபின் நாற்று நடுதல், குழை தாழ்த்தல், பட்டியடைத்து எருவூட்டுதல், விடியற்காலையில் துலா மிதித்து நீரிறைத்தல், பூ வருமுன் தலைப்பு முறித்தல், பக்கத்தே கிளைக்கும் கெட்டுகளை முறித்தல் என அதன் வேலைகள் பல. வேறெந்தப் பயிரும் யாழ்ப்பாணத்து உழவனின் உழைப்பை இத்துணை வாங்கியதில்லை எனலாம்.

வெட்டிய இலையை வாடவிட்டுக் குடிலுட் கட்டித் தொங்கவிட்டு, தென்னம் பொச்சு முதலியவற்றை எரித்துப் புகையூட்டுவர். இவ்வாறு பதமாக்கிய கடுமையான இலைக்கு மலையாளத்திற் பெருமதிப்பு இருந்தது. மலையாளம் என்று யாழ்ப்பாணத்தார் வழங்கியது பெரும்பாலும் திருவிதாங்கூர் நாட்டையே. மெல்லுவதற்குரிய புகையிலை அங்கே தோணிகளிற் சென்றது. சுருட்டுக்குரியது இலங்கையின் தென்பகுதி நோக்கிச் சென்றது. திருவிதாங்கூர் அரசு புகையிலை வாணிகத்தைத் தன் தனியுரிமையாக நெடுங்காலம் வைத்திருந்து பெருவருவாய் ஈட்டியது. 1863 ஆம் ஆண்டில், மாதவராவ் திவானாக இருந்த காலத்தில், அத்தனியுரிமை நீக்கப்பட்டு இறக்குமதித் தீர்வை நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் வாணிகம் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீர்வை உயர்வும் போட்டியும் அதனைத் தளரச் செய்தன. 1930களிற் கூட்டுறவு விற்பனைச் சங்கமொன்றின் மூலம் யாழ்ப்பாணச் செய்கையாளர் மலையாளச் சந்தையைக் காத்துக்கொள்ள முயன்றமை, அச்சந்தை அவர்களுக்கு எத்துணை இன்றியமையாததாய் இருந்தது என்பதைப் புலப்படுத்தும்.

இப்பயிர் தந்த பணத்தாற் கல்வீடுகள் எழுந்தன, சீதனங்கள் கொடுக்கப்பட்டன, பிள்ளைகள் ஆங்கிலக் கல்லூரிகளுக்குச் சென்றனர். இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கும் எம்மிற் பலருடைய முன்னோரின் கல்விச் செலவுக்குப் பின்னாற் புகையிலைக் கன்று நின்றது. ஆகவே புகையிலையைப் பழித்தல் எளிதன்று. பழித்தல் மட்டும் நேர்மையுமன்று. ஆயினும் வரவை எழுதிய கணக்கேட்டிற் செலவும் எழுதப்பட வேண்டும்.

நெய்யூரிலிருந்து வந்த செய்தி

செலவுக் கணக்கின் முதற்பக்கங்கள் யாழ்ப்பாணத்திலன்றி, அதன் இலை சென்ற மலையாள நாட்டிலேயே எழுதப்பட்டன. தென் திருவிதாங்கூரில் அன்றிருந்ததும் 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்குவதுமான நெய்யூரில், இலண்டன் மிசன் வைத்தியசாலை ஒன்று இயங்கி வந்தது. அங்குப் பணியாற்றிய வைத்தியர் பென்ரல், திருவிதாங்கூரிற் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தொகுப்பொன்றை 1908 ஆம் ஆண்டிற் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார். அதே வைத்தியசாலையைச் சேர்ந்த வைத்தியர் ஓர், 1933 ஆம் ஆண்டில் ‘லான்செற்’ சஞ்சிகையில், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோரிடத்துத் தோன்றும் வாய்ப்புற்றுநோய் பற்றி விரிவாக எழுதினார். உலக மருத்துவ இலக்கியத்தில் இவை இரண்டும் இத்துறைக்கு முன்னோடிக் கட்டுரைகளாக மதிக்கப்படுகின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நெய்யூரில் நோயுற்றோர் மென்றது யாழ்ப்பாணத்து இலைதான் என்று ஒவ்வொருவர் திறத்தும் கூறிவிடல் இயலாது. உள்ளூர் இலையும் பிற மாவட்டங்களின் இலையும் அங்கே விற்பனையாயின. ஆயினும் ஒரே காலத்தில் இரண்டு ஏடுகள் எழுதப்பட்டு வந்தமையை மறத்தலும் இயலாது. ஊர்காவற்றுறையிற் சிப்பங்களை எண்ணி ஓர் ஏடு. நெய்யூரில் வாய்களை எண்ணி மற்றோர் ஏடு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து நோக்குவதே வரலாற்று மாணவனின் வேலை.

பின்னர் இலங்கையிலும் இவ்வாராய்ச்சி தொடர்ந்தது. வெற்றிலை மெல்லுதலாற் பற்களிலும் வாயின் பிற இழையங்களிலும் நேரும் விளைவுகள் குறித்தும், கன்னப் புற்றுநோயோடு அதற்கிருக்கக்கூடிய தொடர்பு குறித்தும் வைத்தியர் பாலேந்திரா 1949 ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பல்வைத்தியச் சஞ்சிகையில் எழுதினார். 1955 இற் பம்பாயைச் சேர்ந்த மேத்தாவும் அவர்தம் குழுவினரும் வெற்றிலை மெல்லுதலுக்கும் பல்லைச் சூழ்ந்த இழையங்களின் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தனிப்பொருளாக எடுத்து ஆராய்ந்தனர். புற்றுநோய் பற்றிய ஐயம் 1985 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. புகையிலை சேர்ந்த தாம்பூலம் மனிதரிற் புற்றுநோயை விளைப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அவ்வாண்டில் அறுதியிட்டது. 2004 இல் வெளியிட்ட அதன் மற்றொரு தொகுதி, புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கினையுங்கூட அதே வகுப்பில் வைத்தது.

புற்றுநோய் அச்சந்தருவது, ஆதலின் ஆராய்வோர் கவனத்தை அது முதலில் ஈர்த்தது. முரசு நோயோ ஓசையின்றி வருவது. அது கொல்வதில்லை, பல்லை மட்டும் கொண்டுபோகின்றது. அதனாலேயே அது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

முரசுக்கு நேர்வது யாது

பல்லைச் சுற்றி நுண்ணுயிர்கள் மென்படலமாகப் படிகின்றன. நாள்தோறும் அகற்றப்படாவிடின் அப்படலம் இறுகிப் பற்காரையாகின்றது. அதன் தாக்கத்தால் முரசு வீங்கிச் சிவந்து குருதி கசியும். இந்நிலையிற் சுத்தம் செய்தால் முரசு மீளும். கவனிக்கப்படாதபோது சிலரிடத்து அழற்சி உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் நார்களையும் தாடையெலும்பையும் அழிக்கின்றது. அழிந்த எலும்பு தானே மீள வளர்வதில்லை. இறுதியிற் பல் ஆடிக் கழன்று விழுகின்றது.

இதனோடு தாம்பூலமும் புகையிலையும் சேரும்போது நிகழ்வன பல. புகையிலையை அடக்கும் இடத்தில் முரசு இடைவிடாது உறுத்தப்பட்டுக் கரைகின்றது, பல்வேர் வெளித்தெரிகின்றது. சுண்ணாம்பு வாயின் ஈரத்தைக் காரமாக்கிப் புகையிலையிலுள்ள நிக்கொற்றீன் விரைவாகக் குருதியிற் கலக்க உதவுகின்றது. அதுவே பழக்கம் விடுபடாமைக்கும் ஒரு காரணம். நிக்கொற்றீன் நுண்ணிய குருதிக்குழாய்களைச் சுருக்கும் இயல்புடையது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் இழையங்களைப் புதுப்பிக்கும் உயிரணுக்களின் தொழிலைத் தடுக்கின்றது. கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாயைத் திறக்கவொண்ணாதபடி செய்யும் நோய்க்கும் பாக்கே முதற்காரணம். கடினமான பாக்கினை ஆண்டாண்டுகளாகக் கடிப்பதாற் பல்லின் மேற்பரப்பும் தேய்கின்றது.

இவற்றினும் வஞ்சகமானது ஒன்றுண்டு. முரசு நோயின் முதற்குறி குருதிக் கசிவு. வெற்றிலை மெல்லுபவரின் எச்சிலோ எந்நேரமும் சிவந்திருக்கும். படிக்கத்தில் உமிழும் செந்நீரில் வெற்றிலையின் சிவப்பு எது, முரசின் குருதி எது என்று எவர் பிரித்தறிவர்? நோய் தரும் முதல் எச்சரிக்கை பழக்கத்தின் நிறத்திலேயே கரைந்து போகின்றது.

மலையகத் தோட்டங்களில் ஓர் ஆய்வு

மருந்தும் சுத்திகரிப்பும் இல்லாதவிடத்து இந்நோய் எவ்வாறு நடைபோடும் என்பதை உலகம் அறிந்துகொண்டது இலங்கையிலேயே என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். அதற்குக் குடாநாட்டை விட்டு மலையகத்துக்குச் செல்ல வேண்டும். நோர்வே நாட்டவரான ஹரல்ட் லோவும் அவர்தம் குழுவினரும் 1970 ஆம் ஆண்டில் இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்தனர். 1985 வரை மீண்டும் மீண்டும் சென்று அவர்களையே ஆராய்ந்தனர். இறுதிப் பரிசோதனையில் 161 பேரே எஞ்சியிருந்தனர். 1986 இல் வெளியான அதன் முடிவுகள் இன்றும் பல்வைத்திய மாணவர் கற்பவை.

அத்தொழிலாளர் உடல்நலமுடையோர். பற்றூரிகையை அறியாதோர், பல்வைத்தியத்தைக் காணாதோர். அவர்கள் பற்களிற் சூத்தை இல்லையென்றே சொல்லலாம். ஆயினும் பற்படலமும் காரையும் கறையும் மிகுந்திருந்தன; ஏறத்தாழ எல்லோருடைய முரசும் அழற்சியுற்றிருந்தது. இவ்வாறு எல்லோரும் ஒரு நிலையினராய் இருந்தும், நோய் எல்லோரிடத்தும் ஒரே வேகத்திற் செல்லவில்லை. 8 சதவீதத்தினரில் அது விரைந்து சென்றது. 81 சதவீதத்தினரில் மிதமாகச் சென்றது. 11 சதவீதத்தினரில் அழற்சி மட்டத்திலேயே நின்றது. விரைந்து நோயுற்றோர் 35 வயதிற் சராசரி 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்தனர். மிதமானோர் 45 வயதில் இழந்தவை சராசரி 7 பற்கள்.

இவ்வாய்வு தாம்பூலத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்ததன்று. ஆகவே அவ்விழப்புக்குப் புகையிலையே காரணமென்று இதனைக் கொண்டு கூறலாகாது. ஆயினும் எம் வினாவுக்கு இரண்டு விடைகள் இதிற் கிடைக்கின்றன. முதலாவது, சூத்தை விழாத பல்லும் விழும். வெற்றிலை மென்றாற் பல்லிற் பூச்சி விழாது, பல் உறுதியாகும் என்று எம் முதியோர் கூறுவர். சூத்தை குறைவாயிருந்தமையைக் கண்ட அளவில் அவர்கள் கூற்று முற்றும் பொய்யன்று. ஆனாற் சூத்தையில்லாத பல் தாங்குவாரற்றுக் கழன்று விழுவதை அக்கூற்று கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவது, பல் விழுதல் முதுமையின் விதியன்று. ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில், ஒரே உணவை உண்டு வாழ்ந்தோரிற் சிலர் நாற்பத்தைந்தில் எல்லாவற்றையும் இழந்தனர். சிலர் ஒன்றையும் இழக்கவில்லை. வயது இருசாராருக்கும் பொதுவே. ஆகவே பல்லைக் கொண்டுபோனது வயதன்று, நோயே.

நோய் ஏன் காணப்படவில்லை

அங்ஙனமாயின், கல்வியிற் சிறந்ததென்று பெயர் பெற்ற குடாநாட்டில் இந்நோய் ஏன் நோயெனக் கருதப்படவில்லை? மருத்துவ அறிவு எட்டாமையைக் காரணமாகக் கூறல் பொருந்தாது. அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை நிலைக்களனாகக் கொண்டு, இடையீட்டோடு 1873 வரை பணியாற்றினார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அவருக்கு முன்னரே வளமான சித்த மருத்துவ மரபும் இங்கிருந்தது. அறிவு இருந்தது, ஆனால் நோக்கு அங்கே திரும்பவில்லை.

இதற்குரிய காரணங்களை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, முரசு நோய் பெரும்பாலும் வலியற்றது. வலியில்லாததை நோயென்று கொள்ளும் வழக்கம் எமக்கில்லை. இரண்டாவது, பல்வலி வந்தவிடத்தும் புகையிலைத் துண்டொன்றை அவ்விடத்தில் அடக்கி வைத்தல் கைமருந்தாகக் கொள்ளப்பட்டது. மரத்துப்போதலைக் குணமென்று மயங்கினர். கெடுத்த பொருளே மருந்தாகும்போது அதன்மேல் ஐயம் எழுவதில்லை. மூன்றாவது, தாம்பூலத்தின் மங்கலத் தகுதி. சபையில் நீட்டப்பட்ட தட்டத்தை மறுத்தல் மனிதரை மறுத்தலாகக் கருதப்பட்டது. தட்டத்தில் வெற்றிலைக்கு அருகே புகையிலையும் இருந்தது. மங்கலம் இரண்டையும் மூடிற்று.

நான்காவது காரணமே வலியது. புகையிலை வெறும் பழக்கமன்று, அது சோறு. தோட்டக்காரன், குடில்காரன், தரகன், தோணிக்காரன், கடைக்காரன் எனப் பல்லாயிரவர் அதனால் வாழ்ந்தனர். ஒரு பொருளால் வாழும் சமூகம் அப்பொருளின் தீங்கைக் காணத் தயங்குதல் உலகெங்கும் உள்ள இயல்பே. எம்மவர் அதற்கு விலக்காக இருக்கவில்லை. இதிலே வகுப்பு வேறுபாடும் உண்டு. புகையிலைப் பணத்தாற் படித்து உத்தியோகம் பெற்றோர் காலப்போக்கில் மெல்லும் வழக்கத்தைக் கைவிட்டுப் பற்றூரிகைக்கு மாறினர். தோட்டக் கூலிகளும், இரவிற் கடலிற் கண்விழிக்கும் கடற்றொழிலாளரும், வீட்டிலிருந்த முதிய பெண்களும் அதனைத் தொடர்ந்தனர். இலையின் வரவு ஒருசாராரிடம் கல்வியாக நின்றது. அதன் செலவு மற்றொருசாராரின் வாயில் நின்றது.

சட்டமும் தோட்டமும்

அண்மைக் காலத்திற் சட்டம் இவ்வழக்கத்தின்மேற் கைவைத்துள்ளது. உலக சுகாதார தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை இலங்கை 2003 இல் ஏற்றுக்கொண்டது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய புகையிலை, மதுசார அதிகாரசபை அமைந்தது. 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலை விற்றல் தடைசெய்யப்பட்டது. புகையற்ற புகையிலைப் பொருள்களின் விற்பனையைத் தடுக்கும் ஒழுங்குவிதிகள் 2016 இல் வெளியாயின. தெல்லிப்பழையில் 2013 ஆம் ஆண்டிற் புற்றுநோய் வைத்தியசாலையொன்று மக்களின் நன்கொடையாற் கட்டித் திறக்கப்பட்டமையும் ஈண்டு நினைத்தற்குரியது. புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே அவ்வைத்தியசாலை எழுந்தமை, நெய்யூரின் ஏடு இறுதியில் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தமையைக் காட்டுகின்றது.

சட்டம் கடையை மூடலாம். வெற்றிலைப் பையைத் திறந்து பார்க்க அதனால் இயலாது. தோட்டத்தில் விளைந்த இலை வீட்டுக்குள் வருவதற்குக் கடைவழி வேண்டியதில்லை. ஆகவே இரண்டு கடமைகள் எஞ்சுகின்றன. ஒன்று, உழவனுக்குரியது. மேற்கூறிய சமவாயத்தின் 17 ஆம் உறுப்புரை, புகையிலைச் செய்கையாளருக்கு வாழ்வளிக்கத்தக்க மாற்றுத் தொழில்களை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கின்றது. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியன குடாநாட்டு மண்ணில் விளையாதன அல்ல. அவற்றுக்கு நிலையான விலை இல்லாமையே உழவனை மீண்டும் புகையிலைக்குத் திருப்புகின்றது. அவனுக்கு வழிகாட்டாது அவன் பயிரை மட்டும் பழிப்போர், அப்பயிராற் படித்த தம் குடும்ப வரலாற்றை மறந்தோராவர்.

மற்றொன்று, மாணவராகிய எமக்குரியது. தாம்பூலம் எம் பண்பாட்டுக்குரியது. புகையிலை அதனிடத்துப் பின்னர் வந்து சேர்ந்தது. ஆதலின் தட்டத்திலிருந்து புகையிலையை அகற்றுதல் மரபை மீறுதல் ஆகாது. மரபின் பழைய நிலைக்கு மீளுதலே ஆகும். பாக்கும் தீங்கற்றதன்று என்பதை அறிந்த இந்நாளில், தட்டத்தை மங்கலப் பொருளாக நீட்டித் தொட்டு வணங்கி வைத்தலே போதுமானது. சபைகளிற் பலர் இன்று அவ்வாறே செய்கின்றனர். அதனால் விருந்தோம்பல் குறைந்துவிடவில்லை.

வரலாறு பயில்வோருக்குத் தனிக்கடமையும் உண்டு. சிப்பங்களின் தொகை ஆவணக் காப்பகங்களில் உள்ளது. பற்களின் தொகை அங்கே இல்லை. அஃது எம் வீட்டு முதியோரின் நினைவிலும், பழைய புகைப்படங்களிலும், மூலையிற் கிடக்கும் பாக்குரல்களிலும் மட்டுமே உள்ளது. எந்த வயதில் முதற்பல் ஆடியது, எந்த வயதிற் பாக்குரல் வீட்டுக்கு வந்தது என்று கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன. கலைப்பீட மாணவரும் பல்வைத்திய மாணவரும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது. அப்பணி நிறைவேறின், “வயசு போனாற் பல்லும் போகும்” என்ற மறுமொழியை அடுத்த தலைமுறைப் பேரப்பிள்ளைகள் கேட்க நேராது. யாழ்ப்பாணப் புகையிலையின் வரலாறும் வரவும் செலவும் கொண்ட முழுமையான வரலாறாகும்.